கரைக்காய்ச்சல் வரும் முன்: பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து வீடு திரும்ப ஒரு வழிகாட்டி

ஏப்ரல் பாதி கடந்துவிட்டால் கரீபியத் தீவுகளின் படகுத்துறைகளில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சலவைக்கடைச் சுவரிலும் கயிறு விற்கும் கடைக் கதவிலும் சீட்டுகள் ஒட்டியிருக்கும்: "அசோர்ஸ் வரை ஆள் வேண்டும். சமைக்கத் தெரிந்தால் நல்லது." குளிர்காலத்தைத் தீவுகளில் கழித்த ஐரோப்பியப் படகுகள் ஊர் திரும்பும் பருவம் அது. ஜூன் 1 முதல் அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் என்று கணக்கு. அதற்குள் வெப்பக் கடலை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

அப்படி ஒரு சீட்டைப் பார்த்துத்தான் நானும் ஏறினேன். படகின் நீளம் 41 அடி. நாங்கள் நான்கு பேர். கரீபியத் தீவான சின்ட் மார்ட்டினிலிருந்து, நடு அட்லாண்டிக்கில் இருக்கும் அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டா, அங்கிருந்து இங்கிலாந்தின் ஃபால்மத். அதற்கு முன் எனக்கு இருந்த கடல் அனுபவமெல்லாம் இங்கிலாந்தின் தென்கரையில் சில வார இறுதிகள்தான். "நம் ஆட்களுக்கு இது எதற்கு?" என்று கேட்ட உறவினர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன்: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. யாரும் அதற்குச் சமாதானம் ஆகவில்லை.

இந்தக் கட்டுரை பாய் ஓட்டக் கற்றுத்தராது. அதற்குப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று வாரம், சாய்ந்தே கிடக்கும் ஓர் அறையில், மூன்று பேரோடு சாப்பிட்டு, தூங்கி, விழித்து, சண்டை போடாமல் கரை சேர்வது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது புயலைப் பற்றி. எங்களைப் படுத்தியது புயல் அல்ல. தேதி.

போவது வேறு, திரும்புவது வேறு

ஐரோப்பாவிலிருந்து கரீபியனுக்குப் போகும்போது வணிகக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். நாளுக்கு நாள் வெயில் கூடும், சட்டை குறையும். அதே வழியில் திரும்ப முடியாது. அதே காற்று முகத்தில் அடிக்கும். ஆகவே முதலில் வடக்கே ஏற வேண்டும். ஏறக்குறைய பெர்முடாவின் அட்சரேகையை எட்டும்போது வணிகக்காற்று ஓய்ந்து, எந்தப் பக்கமிருந்தும் வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய காற்று தொடங்கும். இன்னும் மேலே போனால் மேற்குக்காற்று கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும்.

நடுவில் உட்கார்ந்திருப்பது அசோர்ஸ் உயரழுத்த மண்டலம். அதன் மையத்தில் காற்றே இருக்காது. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் கோடு பெரும்பாலும் அந்த மையத்தின் வழியாகவோ அதன் ஓரமாகவோதான் போகும். கோடு குறுகியதுதான், பயணம் நீண்டுவிடும். புதியவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இது.

சின்ட் மார்ட்டினிலிருந்து ஹோர்ட்டா நேர்கோட்டில் சுமார் 2,200 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். நாற்பதடிப் படகு ஐந்து, ஆறு நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஒரு நாளைக்கு 120 முதல் 140 மைல் போகும். சுற்றுவழியையும் சேர்த்தால் 18 முதல் 22 நாள் ஆகும். ஹோர்ட்டாவிலிருந்து ஃபால்மத் இன்னும் 1,200 மைல், பத்து நாள் என்று வையுங்கள். சிலர் பெர்முடாவில் இறங்கி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. நாங்கள் இறங்கவில்லை. ஏன் என்று பின்னால் வரும்.

முதலில் கேப்டனைப் பாருங்கள், பிறகு படகை

பளபளப்பான படகைப் பார்த்து ஏறாதீர்கள். படகை நடத்துபவரோடு ஓர் இரவாவது கடலில் போய்ப் பாருங்கள். பக்கத்துத் தீவுக்குப் போய்வந்தால் போதும். கயிறு சிக்கும்போது அவர் கத்துகிறாரா, உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால் விளக்குகிறாரா, தன் தவறை ஒப்புக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். செயற்கைக்கோளுக்கு அபாயக்குறி அனுப்பும் கருவியின் மின்கலம் எப்போது காலாவதியாகிறது, ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் என்ன முறை என்றும் கேளுங்கள். கேள்வி பிடிக்காமல் முகம் சுளிப்பவரோடு இருபது நாள் இருக்க முடியாது. செலவையும் கரையிலேயே பேசிவிடுங்கள். சாப்பாட்டையும் டீசலையும் பங்கிடுவது வழக்கம். அதற்குமேல் கேட்டால் எதற்கு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆவணங்களில் ஒரு சிக்கல். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அசோர்ஸ் போர்ச்சுகலைச் சேர்ந்தது, ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் வருவது. கடல்வழியாகப் போனாலும் விசா வேண்டும். அந்த விசா தொடங்கும் தேதிக்கும் முடியும் தேதிக்கும் இடையே தாராளமாக இடைவெளி இருக்கும்படி விண்ணப்பியுங்கள். நீங்கள் எப்போது கரை சேர்வீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. படகில் ஏறக் கரீபியத் தீவுக்குப் பறக்கும்போது, திரும்பும் டிக்கெட் எங்கே என்று விமான நிறுவனக் கவுன்டரில் கேட்பார்கள். படகின் பெயர், பதிவெண், நீங்கள் அதில் ஏறப்போகும் ஆள் என்ற விவரம் எல்லாம் அடங்கிய, கேப்டன் கையெழுத்திட்ட கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

ஹோர்ட்டாவிலிருந்து வீட்டுக்கு விமான டிக்கெட் மட்டும் முன்கூட்டியே எடுக்காதீர்கள். எங்களில் ஒருவர் எடுத்திருந்தார். பெர்முடாவில் இறங்காததற்குக் காரணம் அதுதான். உயரழுத்த மண்டலத்தைச் சுற்றிப் போகாமல் "மூலையை வெட்டிக்கொண்டு" போகலாம் என்ற பேச்சு எழுந்ததும் அதனால்தான். கேப்டன் இரண்டு நாள் மறுத்துவிட்டு, மூன்றாம் நாள் இணங்கினார். அதன்பின் நான்கு நாள் கண்ணாடி போன்ற கடலில் பாய் தொங்கக் கிடந்தோம். விமானம் அவர் இல்லாமலேயே பறந்தது.

மூட்டை

கரீபியன்தானே என்று பருத்திச் சட்டைகளோடு வராதீர்கள். ஒன்பதாம் நாளில் கம்பளித் தொப்பி தேடுவீர்கள். இரவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காவலில் ஈரமும் காற்றும் எலும்பைத் தொடும். மழையங்கி, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், கம்பளி உள்ளாடை இரண்டு சோடி, சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, காதடைப்பான், முகத்துக்குப் பூசும் வெயில் களிம்பு, ஒரு நல்ல புத்தகம், ஒரு மோசமான புத்தகம். சோர்ந்திருக்கும்போது மோசமானதுதான் உள்ளே இறங்கும். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை போதும்.

சமையல் மூலை

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கடலில் நாள் என்பது மூன்று வேளைச் சாப்பாட்டின் மேல்தான் நிற்கிறது. நன்றாகச் சமைப்பவருக்குப் படகில் கிடைக்கும் மரியாதை கேப்டனுக்கும் கிடைக்காது.

எத்தனை நாள் பயணமோ அதில் பாதியைக் கூட்டி வாங்குங்கள். இருபது நாளுக்கு முப்பது நாள் சாமான். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுவராதீர்கள். மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும். காய்கறிகளைத் துறையிலேயே கழுவி உலர்த்துங்கள். முட்டைக்கோஸ், பூசணி, கேரட், எலுமிச்சை, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவை தாங்கும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே வலையில் போட்டால் இரண்டும் கெடும். முட்டை வாங்கும்போது குளிர்பெட்டியில் ஒருமுறைகூட வைக்காததாகப் பாருங்கள், வாரத்துக்கு இரண்டு தடவை அட்டையோடு தலைகீழாகத் திருப்புங்கள். மூன்று வாரம் இருக்கும். வாழைத்தாரை ஆசைப்பட்டுத் தொங்கவிடுவார்கள். எல்லாம் ஒரே நாளில் பழுக்கும். அப்புறம் நான்கு நாளைக்கு மூன்று வேளையும் வாழைப்பழம்தான்.

நம் பிரஷர் குக்கரைப் போல அலைக்கடலுக்கு ஏற்ற பாத்திரம் வேறில்லை. மூடி பூட்டிக்கொள்ளும். அடுப்பிலிருந்து தூக்கியெறியப்பட்டாலும் கொதிக்கும் பருப்பு யார் மேலும் கொட்டாது. எரிவாயுவும் மிச்சம். நான் வீட்டிலிருந்து மூன்று லிட்டர் குக்கரைத் துணிகளுக்குள் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். முதல் விசில் அடித்தபோது முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எரிவாயுக் கசிவு எச்சரிக்கை என்று நினைத்து, கால்சட்டை இல்லாமல் மேல்தளத்துக்கு ஓடினார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவரே "எத்தனை விசில் ஆச்சு?" என்று படுக்கையிலிருந்து கேட்கத் தொடங்கினார். பட்டாணிப்பருப்பு கரீபியனில் எங்கும் கிடைக்கும். அரிசி, ரவை, புளி, காய்ந்த மிளகாய், ஊறுகாய் இருந்தால் பத்தொன்பதாம் நாளும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம்.

அடுப்பு இரண்டு முளைகளில் ஊஞ்சல்போலத் தொங்கும். படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். பாத்திரம் நகராமலிருக்கக் கம்பிப் பிடிகள் உண்டு. இருந்தாலும் சில விதிகள்: சமைக்கும்போது மழைக்கால்சட்டையும் பூட்ஸும் போடுங்கள். வேர்க்கும், சிரிப்பார்கள். ஆனால் கடல் நடுவே தொடையில் வெந்நீர் கொட்டினால் மருத்துவமனை பத்து நாள் தொலைவில் இருக்கிறது. எண்ணெயில் பொரிப்பது அறவே கூடாது. அப்பளம் வேண்டுமென்றால் தணலில் சுட்டுக்கொள்ளுங்கள். சமையல் முடிந்ததும் எரிவாயு உருளையின் வால்வை மூடுங்கள், பர்னர் திருகை மூடுவது போதாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி, தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

குடிநீரை மிச்சம்பிடிக்க, கிழங்கு வேகவைக்க மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்க்கலாம். சோற்றுக்கு அவ்வளவு கூடாது. தண்ணீரையெல்லாம் அரிசி குடித்துவிடுமே. எட்டில் ஒரு பங்கு போதும், உப்பு போட வேண்டியதில்லை. இதை நான் கற்றுக்கொண்ட நாளன்று நால்வரும் இரவு முழுதும் தண்ணீர் குடித்தோம். மிச்சம்பிடித்தது ஒன்றுமில்லை.

முதல் மூன்று நாள்

வாந்தி வரும். வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போடுவது வயிற்றில் நிற்காது. பிரிட்டிஷ் படகோட்டிகள் பலர் சின்னரிசின் சாப்பிடுகிறார்கள். அது தூக்கத்தையும் கொண்டுவரும். மருத்துவரைக் கேட்டு, கரையில் இருக்கும்போதே ஒரு நாள் சாப்பிட்டு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

மற்றபடி, கீழே குனிந்து பையைத் துழாவாதீர்கள். முதல் மூன்று நாளுக்குத் தேவையான துணி, துண்டு, பல்துலக்கி எல்லாவற்றையும் ஒரு சிறு பையில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி குமட்டல் அதிலேயே போகும். இல்லையென்றால் படகின் நடுப்பகுதியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள். வெறும் வயிறு ஆகாது. உப்பு பிஸ்கட், இஞ்சி, வாய் வாயாகத் தண்ணீர். முதல் இரண்டு நாளுக்கான சாப்பாட்டைத் துறையிலேயே சமைத்து வைத்துவிடுங்கள். எனக்குப் புளியோதரை நின்றது. நல்லெண்ணெயும் புளியும் செய்த உதவி அது என்று நினைக்கிறேன், ஆதாரமில்லை.

காவல்

படகு இரவில் நிற்காது. நங்கூரம் போட அடிமட்டம் இல்லை. கீழே பல ஆயிரம் மீட்டர் தண்ணீர். எனவே எப்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கப்பல்கள் மோதாமலிருப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி இது: கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கண்காணிப்பு.

நான்கு பேர் என்றால் மூன்று மணிநேரக் காவல், ஒன்பது மணிநேர ஓய்வு. கேட்க நன்றாக இருக்கும். அந்த ஒன்பதில்தான் சமையல், கழுவல், பாய் மாற்ற எழுப்புதல் எல்லாம் வரும். எங்கள் இரவு எட்டிலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து எட்டு என்று பிரிந்தது. எனக்கு விழுந்தது இரண்டு முதல் ஐந்து. மனிதன் எழுந்திருக்கக்கூடாத நேரம் அது. ஆனால் இப்போதும் நினைவில் நிற்பது அந்தக் காவல்தான்.

படகைத் திருப்பிப் பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், பொருத்திய காற்றுச் சுக்கான் பார்த்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், காற்றின் திசையைப் பிடித்துக்கொண்டு அதுவே திருத்திக்கொள்ளும். உங்கள் வேலை பார்ப்பது. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் மூன்று கடல் மைலுக்கும் சற்றுக் குறைவு. கப்பலின் விளக்குகள் உயரத்தில் இருப்பதால் இன்னும் தொலைவிலேயே தெரியும். ஆனால் 20 நாட் வேகத்தில் எதிரே வரும் சரக்குக்கப்பலும் ஆறு நாட்டில் போகும் நீங்களும் ஆறு மைல் இடைவெளியைப் பதினான்கு நிமிடத்தில் தின்றுவிடுவீர்கள். ஒரு பக்கம் படித்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் அத்தியாயமே முடிந்திருக்கும். திரையில் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவி பெரிய உதவி. ஆனால் அனுப்பும் கருவி உள்ள கப்பலைத்தான் அது காட்டும். மிதக்கும் மரக்கட்டையும் தூங்கும் திமிங்கிலமும் எதையும் அனுப்புவதில்லை.

மாற்றமில்லாத சில விதிகள். படிக்கட்டில் நிற்கும்போதே பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது அமர்குழியை (பின்பக்கம் உட்கார்ந்து படகை ஓட்டும் பள்ளம்) விட்டு அணியத்துக்கு (முன்முனை) போகக்கூடாது; இன்னொருவரை எழுப்புங்கள், திட்டினாலும் பரவாயில்லை. ஆண்கள் இரவில் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கக்கூடாது. அலை நடுவே இரவில் விழுந்த ஒரு தலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று பார்க்க, பகலில் ஒரு தேங்காயைப் போட்டுப் பாருங்கள். நாங்கள் போட்டோம். படகைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் இரண்டு முறை கண்ணிலிருந்து தவறியது, அதுவும் அமைதியான கடலில்.

அடுத்தவரைப் பதினைந்து நிமிடம் முன்னால், தோளைத் தொட்டு, மெல்ல எழுப்புங்கள். வெளியே குளிரா, மழையா, எத்தனை உடுப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் மேலே வரும்போது கையில் தேநீர் இருக்கட்டும். காற்று எப்படி மாறியது, எந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டில் இடம், திசை, வேகம், காற்று, பாரோமீட்டர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா ஈரத்தில் அழும்.

பன்னிரண்டாம் இரவோ பதின்மூன்றோ. நிலவில்லை. திடீரென்று பக்கவாட்டில் யாரோ மூச்சு விட்டார்கள். விளக்கைத் திருப்பினால் ஒன்றுமில்லை. அணைத்தபோதுதான் தெரிந்தது. நுண்ணுயிர் ஒளிரும் நீரில் பச்சைக்கோடு கிழித்துக்கொண்டு ஐந்தாறு டால்பின்கள் படகின் அடியில் புகுந்து புகுந்து வெளியேறின. உடல் தெரியவில்லை, போன தடம் மட்டும் தெரிந்தது. காலையில் சொன்னபோது மற்ற மூவரும், எழுப்பியிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டார்கள். அதற்கும் விதி உண்டு: யாரை எதற்கு எழுப்பலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தூங்குவது, கழுவுவது, மற்றவை

அணியத்து அறை நங்கூரத்தில் நிற்கும்போது சுகம். கடலில் அது லிஃப்ட். நடுவில், தாழ்வாக, படகு சாய்ந்திருக்கும் பக்கத்துப் படுக்கையைப் பிடியுங்கள். உருண்டு விழாமலிருக்கப் படுக்கையோரம் கட்டும் துணித்தடுப்பு வேண்டும். அது தூளிதான், வேறில்லை.

தண்ணீர்க் கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர். நான்கு பேர், 25 நாள் என்றால் 300 லிட்டர். இரண்டு தொட்டிகளாகப் பிரித்து வைத்து, அதற்குமேல் ஐம்பது லிட்டராவது தனிப் புட்டிகளில் இருக்க வேண்டும். ஒரு தொட்டி ஒழுகினாலோ கெட்டாலோ உயிர் பிழைக்க அதுதான். கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றாதீர்கள்; பழுதாவது கருவிகளின் குணம்.

குளியல், அமரத்தில் உட்கார்ந்து வாளியால் கடல்நீர் மொண்டு ஊற்றுவது. சாதாரண சோப்பு உப்புநீரில் நுரைக்காது, பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கும். கடைசியில் அரை லிட்டர் நன்னீர். உப்போடு உட்கார்ந்தே இருந்தால் பிட்டத்தில் கொப்புளம் வரும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத உண்மை இது. துடைத்து உலர்த்திப் பவுடர் போடுங்கள்.

கழிப்பறையில் எல்லோரும் உட்கார்ந்துதான், எல்லாவற்றுக்கும். பிறகு இருபது தடவை பம்பு அடித்துவிட்டு வால்வை மூட வேண்டும். அடைத்துக்கொண்டால் அடைத்தவரே பிரிப்பது மரபு.

மேல்தளத்தில் ஓர் ஊசி

தினமும் காலையில், காற்று எப்படியிருந்தாலும், கொக்கி மாட்டிக்கொண்டு படகை ஒரு சுற்று சுற்றுங்கள். துறைமுகத்தில் ஒரு வருடம் உரசுவதைக் கடலில் கயிறு ஒரு வாரத்தில் உரசிவிடும். தேயும் இடத்தில் பழைய ரப்பர்க் குழாயைக் கட்டுங்கள், அல்லது கயிற்றை ஒரு சாண் இழுத்து உரசும் இடத்தை மாற்றுங்கள்.

ஒன்பதாம் நாள் காலை மேல்தளத்தின் ஓர மடிப்பில் நகத்தளவு எஃகு ஊசி ஒன்று கிடந்தது. கேப்டனிடம் காட்டியதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதுவரை அவர் கோப்பையைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. மேல்தளத்தில் கிடக்கும் எந்த உலோகமும் மேலே எங்கோ இருந்து விழுந்ததுதான். முக்கால் மணிநேரம் தேடினோம். பெரிய பாயின் அடிக்கழியைப் பாய்மரத்தோடு பிணைக்கும் தண்டு பாதி வெளியே வந்திருந்தது. அதைப் பூட்டி வைத்திருந்த ஊசிதான் கையில் இருந்தது. அன்று இரவு காற்று கூடியது. தண்டு வெளியே வந்திருந்தால் நான்கு மீட்டர் அலுமினியக் கழி தன் இஷ்டத்துக்கு வீசியிருக்கும். உதிரி ஊசியின் விலை ஒரு கோப்பைத் தேநீரைவிடக் குறைவு.

காற்று கூடினால், காற்றே இல்லையென்றால்

கூடும்போது செய்ய வேண்டியது சுலபம்: பாயைச் சுருக்குங்கள். சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த கணமே சுருக்க வேண்டிய நேரம். இருட்டும் முன் ஒரு மடிப்புச் சுருக்கிவிட்டுத் தூங்குங்கள். இழப்பது மணிக்கு அரை மைல், பெறுவது நால்வரின் தூக்கம். செயற்கைக்கோள் வழியாகக் காற்றுமுன்னறிவிப்பு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. முதல் மூன்று நான்கு நாளை நம்பலாம். பத்தாவது நாளுக்கான படத்தைப் பார்த்துத் திட்டம் போடுவது ராசிபலன் படிப்பது போல.

காற்று இல்லாததுதான் ஆளைத் தின்னும். பாய் தட்டும், கழி அடிக்கும், எல்லாம் ஆடும், எதுவும் நகராது. இஞ்சினைப் போடலாமே என்பார்கள். நாற்பதடிப் படகில் ஏறத்தாழ 200 லிட்டர் டீசல் இருக்கும். மணிக்கு இரண்டரை லிட்டர் என்றால் 80 மணிநேரம், 400 மைல். கடல் 2,200 மைல். அந்த நான்கு நாளில் டிக்கெட்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கேப்டன் இரண்டு இரவு இஞ்சினை ஓட்டினார். பிறகு மின்கலம் ஏற்ற டீசலை எண்ணி எண்ணிச் செலவழித்தோம். குளிர்பெட்டியை அணைத்துவிட்டோம். துறைமுகத்துக்குள் நுழைய மட்டும் நாற்பது லிட்டர் தொடாமல் வைத்திருப்பது நல்ல வழக்கம்.

அமைதியான கடலில் நீந்த ஆசை வரும். ஒருவர் ஒருவராக இறங்குங்கள், படகில் எப்போதும் ஆள் இருக்கட்டும், அமரத்திலிருந்து நீளமான கயிறு மிதக்கட்டும். இறங்கும் முன் சுற்றிலும் பாருங்கள். ஊதா பலூன்போல மிதப்பது 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' என்ற உயிரி. அதன் முகடு பாய் வேலை செய்கிறது. சில இடப்பக்கமாகவும் சில வலப்பக்கமாகவும் சாய்ந்து காற்றைப் பிடிக்கும். கீழே பல மீட்டர் நீளத்துக்கு நஞ்சுக் கொடிகள். அந்த நான்கு நாளும் அவை எங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தன.

ஹோர்ட்டா

முதலில் தெரிவது ஹோர்ட்டா இருக்கும் ஃபயால் தீவு அல்ல. எதிரே இருக்கும் பிகோ மலைதான், 2,351 மீட்டர், போர்ச்சுகலின் மிக உயர்ந்த சிகரம். மேகத்துக்கு மேலே ஒரு முக்கோணம். எங்களுக்கு அது இருபத்திரண்டாம் நாள் விடியலில் தெரிந்தது. படகுக் கடிகாரத்தை வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுங்கள்; கரீபியனுக்கும் கோடைக்கால அசோர்ஸுக்கும் நான்கு மணிநேரம் வித்தியாசம். மொத்தமாகத் திருப்பினால் காவல்முறை குழம்பி யாரோ ஒருவர் கூடுதலாக விழிப்பார்.

நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை ஏற்றி, வரவேற்புத் துறையில் கட்டி, குடியேற்றமும் சுங்கமும் முடியும்வரை கேப்டன் மட்டும் இறங்குவார். பிறகு எல்லோரும் பீட்டர் கஃபே ஸ்போர்ட்டுக்குத்தான் போவார்கள். 1918 முதல் இருக்கிறது. படகோட்டிகளுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்திருந்து கொடுத்துப் பெயர் பெற்ற இடம். துறைமுகச் சுவர் முழுதும் வந்துபோன படகுகளின் ஓவியங்கள். வரையாமல் கிளம்பினால் பயணம் விளங்காது என்பது நம்பிக்கை. கரீபியனிலேயே சின்ன டப்பா பெயின்ட் இரண்டும் ஒரு தூரிகையும் வாங்கி வாருங்கள். இரவில் குழந்தை அழுவது போலக் குரல் கேட்டால் பயப்பட வேண்டாம், கூடு திரும்பும் கடற்பறவைகள்தான்.

டிக்கெட்காரர் இங்கே இறங்கினார். புது டிக்கெட்டின் விலையை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் மூவரும் வடக்கே ஒரு தாழ்வழுத்தம் கடந்து போகட்டும் என்று ஆறு நாள் காத்திருந்தோம். பக்கத்துப் படகு காத்திராமல் போனது. கிழிந்த முன்பாயோடு மூன்றாம் நாள் திரும்பி வந்தது. லிஸ்பன் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் அடங்கிய ஐபீரியக் கரையில் ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கிலங்கள்) பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்து வருகின்றன.

கடைசி 1,200 மைல்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் ஹோர்ட்டாவை விடும் முன்பே எல்லை அதிகாரிகளுக்கான படிவத்தை இணையத்தில் அனுப்பிவிடுங்கள். மற்றபடி இந்தக் கட்டம் முதல் கட்டத்தைவிடக் குளிர், குறுகியது. ஆபத்து கடலிலிருந்து வருவதில்லை. ஆங்கில மாலுமிகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சேனல் ஃபீவர், இங்கிலீஷ் கால்வாயை நெருங்கும்போது வரும் காய்ச்சல். நான் கரைக்காய்ச்சல் என்று சொல்வேன். தூக்கம் வராது. பேச்செல்லாம் சூடான குளியலைப் பற்றி. சுருக்க வேண்டிய பாயைச் சுருக்கமாட்டார்கள், மாட்ட வேண்டிய கொக்கியை மாட்டமாட்டார்கள். அதே நேரத்தில்தான் மீன்பிடிப் படகுகளும் கப்பல் வழிகளும் மூடுபனியும் தொடங்குகின்றன.

எங்கள் கேப்டன் செய்த காரியத்தை நீங்களும் செய்யலாம். திரையில் "மிச்சத் தொலைவு" காட்டும் மூலையில் கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டார். எத்தனை மைல் இருக்கிறது என்று கேட்பவர் பாத்திரம் கழுவ வேண்டும். காவலை மூன்று மணியிலிருந்து இரண்டாகக் குறைத்தார். கடைசி இரண்டு நாளுக்கென்று ஒளித்து வைத்திருந்த சாக்லேட்டை எடுத்தார். அம்மா செயற்கைக்கோள் தொலைபேசியில் "எப்போது வருவாய்?" என்று கேட்டபோது, தொலைபேசியைக் கேப்டனிடமே கொடுத்துவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் காற்றழுத்தத்தை விளக்கினார். அம்மா "சாப்பிட்டாயா?" என்று அவரையும் கேட்டார்.

இங்கிலாந்துக் கரையில் லிசார்ட் முனையின் கலங்கரை விளக்கம் மூன்று விநாடிக்கு ஒருமுறை மின்னும். அதைப் பார்த்தபின் ஃபால்மத்துக்கு இன்னும் சில மணிநேரம் இருக்கிறது. அந்த மணிநேரங்களிலும் கொக்கியை மாட்டியே வையுங்கள். கரை இறங்கியதும் நிலம் ஆடும். இரண்டு மூன்று நாளில் சரியாகும், அதுவரை கார் ஓட்ட வேண்டாம்.

ரயில் டிக்கெட்டை, துறையில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டபிறகுதான் எடுத்தேன். முன்பதிவு விலையைப் போல இரண்டு மடங்கு.